பதினொரு கிராம் சரக்கு

அணு உலைக்குள் நுழைவதற்குச் சபுராவுக்கு மூன்று வாரத்தில் அனுமதி வந்துவிட்டது. படித்துக்கொண்டிருந்த பல்கலைக்கழகத்தைவிட்டு வெளியே போவதற்குத்தான் வரவில்லை.

நுழைவு அனுமதி சுலபம்; பம்பாய் உலையில் சோதனை நடத்த இடம் பிடிப்பதுதான் லேசுப்பட்ட காரியம் இல்லை. நாடு முழுக்க இருக்கிற ஆராய்ச்சிக்காரர்கள் அங்கே வரிசை கட்டி நிற்கிறார்கள். இரண்டு வருஷம் காத்துக் கிடந்த பிறகு, 1996 அக்டோபர் கடைசியில் சபுராவுக்கு நான்கே நான்கு நாள் ஒதுக்கியிருந்தார்கள். அந்த டிசம்பரோடு அவளுடைய முனைவர் பட்டப் பதிவு காலாவதியாகிறது. அந்த நான்கு நாளைக் கோட்டைவிட்டால் ஏழு வருஷப் பாடும் மண்ணாய்ப் போகும். இது அவளுக்குத் தெரியும். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியருக்கும் தெரியும். அவர் நல்ல மனுஷர்தான். ஆனால் ஓய்வு பெறுகிற வரைக்கும் வாயைத் திறப்பதில்லை என்று ஒரு விரதம் வைத்திருந்தார்.

மேட்டுப்பாளையம் போகிற ரோட்டில், காரமடைக்குச் சற்று முன்னால் இருந்தது அந்தப் பல்கலைக்கழகம். கொங்கு உயர் அறிவியல் பல்கலைக்கழகம் என்று நுழைவாயிலில் பொன்னெழுத்தில் எழுதியிருக்கும். வாயிலுக்கு ஆன சிமெண்டில் ஆய்வுக்கூடமே கட்டியிருக்கலாம் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். அங்கே யாரும் யாரிடமும் கடுமையாகப் பேசினார்கள் என்று ஒரு புகார் கிடையாது. எல்லாருக்கும் எல்லாரும் 'ங்க' போடுவார்கள். உட்காரச் சொல்வார்கள். காபி வரும். காரியம் மட்டும் வராது.

சபுரா செய்து வைத்திருந்தது கறுப்பான ஒரு பொடி. லாந்தனம், கால்சியம், மாங்கனீசு, ஆக்சிஜன் நான்கும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள். பெரோவ்ஸ்கைட் என்கிற ஒரு கனிமத்தின் அமைப்பில் அணுக்கள் அடுக்கியிருப்பதால் அந்தக் குடும்பத்துக்கே அந்தப் பேர். ஒவ்வொரு மாங்கனீசு அணுவையும் ஆறு ஆக்சிஜன்கள் சூழ்ந்து நிற்கும். அந்த ஆறும் எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்து நிற்கின்றன என்பதுதான் சபுராவின் கேள்வி. பொடி மின்சாரத்தை விடுமா, மறிக்குமா என்பதெல்லாம் அந்தச் சாய்மானத்தில் இருக்கிறது. எக்ஸ்-கதிரை அடித்துப் பார்த்தால், லாந்தனம் என்கிற கனத்த அணு கல்யாண வீட்டு மாமனைப் போல முன்னால் வந்து நின்றுகொண்டு எல்லாரையும் மறைத்துவிடும். ஆக்சிஜன் இருக்கிற இடமே தெரியாது. அணு உலையிலிருந்து வருகிற நியூட்ரானுக்கு அந்தப் பாரபட்சம் இல்லை. பெரியதையும் சிறியதையும் ஒன்றுபோலப் பார்க்கும். ஆனால் நியூட்ரான் எதையும் சட்டை செய்யாமல் ஊடுருவிப் போகிற ஜாதி. அதை மடக்க ஒரு சிட்டிகை போதாது. குறைந்தது எட்டு கிராம் சுத்தமான பொடி வேண்டும் என்று பம்பாயிலிருந்து கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

சபுராவிடம் பதினொரு கிராம் இருந்தது. கல்வத்தில் அரைத்து, துறையின் மின் உலையில் சுட்டு, ஆறவைத்து, மறுபடி அரைத்து, மறுபடி சுட்டு, நடுவில் மின்சாரம் போய், முதலிலிருந்து அரைத்து என்று இரண்டு வருஷத்தில் சேர்ந்த பதினொரு கிராம். ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் பாதிக்கு இருந்தது.

அதை வெளியே கொண்டு போக வாயில் அனுமதி வேண்டும். சபுரா குப்பியை எடுத்துக்கொண்டு சரக்கறைக்குப் போனாள். சரக்கறைக்கு அதிகாரி தெய்வாத்தாள் என்கிற அம்மாள். தங்கமான மனசு. சபுராவைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க அம்மணி. இது எந்தக் கம்பெனியில வாங்குனதுங்க?"

"வாங்கலீங்க மேடம். நானே செஞ்சது."

தெய்வாத்தாள் குப்பியை மேசைமேல் மெதுவாக வைத்தார். பாம்பு இருக்கிற கூடையை வைப்பது போல வைத்தார்.

"செஞ்சீங்களா? இங்கயா? நம்ம பல்கலைக்கழகத்துலயா?"

"ஆமாங்க."

"இருபது வருசமா இந்த ரூமுல இருக்கறனுங்க அம்மணி. வந்த சாமானுக்கு வழி இருக்குதுங்க. ஒடஞ்ச சாமானுக்கு, காணாமப் போன சாமானுக்கெல்லாங்கூட வழி இருக்குதுங்க. செஞ்ச சாமானுக்கு இல்லீங்களே. இங்க இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் செஞ்சதில்லீங்க."

அதில் குத்தலே இல்லை. மனசாரத்தான் சொன்னார். பதிவாளரைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி, சாமான் பத்திரமாக இருக்கட்டும் என்று குப்பியை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பேசாமல் குப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறியிருக்கலாமே என்று சபுராவுக்கு அப்போதுதான் தோன்றியது. நேர்மையாக நடந்ததற்காக அவள் தலையில் அடித்துக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பதிவாளர் மயில்சாமிக்குச் சொந்த ஊர் ஆனைமலைப் பக்கம். மூன்று தலைமுறையாகக் கொப்பரை மண்டி நடத்துகிற குடும்பம். அண்ணன்மார் மண்டியைப் பார்த்துக்கொள்ள, இவர் படித்துப் பதிவாளராகிவிட்டார். உடம்புதான் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. கை மண்டியிலேயே இருந்தது.

சபுராவை எதிரே உட்கார வைத்து, தெய்வாத்தாள் கொண்டுவந்து கொடுத்த குப்பியைத் திறந்து, கொஞ்சத்தை உள்ளங்கையில் கொட்டினார். கட்டை விரலால் தேய்த்தார். மோந்து பார்த்தார். வெளிச்சத்தில் காட்டினார். "நயம் சரக்குங்க" என்றார். பிறகு ஃபூ என்று ஊதிக் கையைத் தட்டிக்கொண்டார். பார்த்த சரக்கை மூட்டையில் திரும்பப் போடுவது மண்டியில் வழக்கமில்லை.

சபுரா தரையில் சிதறிய கறுப்பைப் பார்த்தாள். அரை கிராமாவது இருக்கும்.

"சரிங்க அம்மணி, மாதிரி பாத்தாச்சு. மூட்டையெல்லாம் எங்கீங்க?"

"எந்த மூட்டைங்க சார்?"

"இதோட சரக்குங்க. மாதிரியே இத்தனை இருக்குதுன்னா சரக்கு ஒரு லோடாவது இருக்கோணுமே. எங்க எறக்கி வெச்சிருக்கறீங்க?"

"இவ்வளவுதாங்க சார். இதுக்குமேல ஒரு துளி கிடையாது."

மயில்சாமி சிரித்தார். குழந்தை பொய் சொல்லும்போது பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "ரெண்டு வருசம் உலை எரிஞ்சிருக்குது. எல்லாச் சாமானும் இங்கிருந்து போயிருக்குது. இந்த ஒரு குப்பிதான் வந்துதுன்னா யாருங்க அம்மணி நம்புவாங்க? நான் உங்களைச் சொல்லலீங்க. நீங்க நல்ல குடும்பத்துப் புள்ள. ஆனா மாதிரி இருந்தா சரக்கு இருக்கோணுமுங்க. எங்க மண்டியில சின்னப் பையனுக்குக்கூட இது தெரியுமுங்க."

சபுரா அணுவைப் பற்றிச் சொன்னாள், ஆக்சிஜனைப் பற்றிச் சொன்னாள், எட்டு கிராமைப் பற்றிச் சொன்னாள். அவர் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, சரக்கைத் தேட ஒரு குழு போட்டார்.

குழுவில் பதிவாளர், நிதி அலுவலர், தமிழ்த் துறைத் தலைவர் மூன்று பேர். தேடுகிற பொருள் எப்படி இருக்கும் என்று தெரியாமல் எப்படித் தேடுவது? ஆளுக்கொரு சிட்டிகை எடுத்துப் பார்த்தார்கள். நிதி அலுவலர் நாக்கில் வைத்து உப்பு இல்லை என்று சொன்னார். தமிழ்த் துறைத் தலைவர் கண்மைக்கு ஆகுமா என்று கேட்டார். கேட்டுவிட்டு எல்லாரும் ஊதினார்கள். குப்பியில் ஒன்பது கிராம் இருக்குமா என்று சபுராவுக்குச் சந்தேகம் வந்தது. எட்டுக்குக் கீழே இறங்கினால் தீர்ந்தது கதை. அவள் கும்பிட்ட கையோடு, "இனிமே யாரும் தொடாதீங்க சார், கெஞ்சிக் கேக்கறேன்" என்றாள். "அழாதீங்க அம்மணி, சரக்கு கெடைச்சிரும்" என்று மூவரும் ஆறுதல் சொன்னார்கள்.

தேடல் துறையிலிருந்து தொடங்கியது. உலையைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை என்றதும் அது இன்னும் சந்தேகத்துக்கு இடமானதாகப் போயிற்று. உலைக்கு அரக்கு வைத்து முத்திரை குத்தினார்கள். இனி ஒரு கிராம் குறைந்தாலும் புதிதாகச் செய்ய வழியில்லை. பிறகு மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்கள். மாணவியர் விடுதியில் கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள். பல்கலைக்கழகத் தென்னந்தோப்பில் இரண்டு இடத்தில் மண்ணைக் கிளறிப் பார்த்தார்கள்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் பல்கலைக்கழகக் கார் கோயமுத்தூர்க் கோட்டைமேட்டில், சபுராவின் அப்பா கரீமின் பாத்திரக் கடை முன்னால் வந்து நின்றது. சபுரா அப்போது கடையில்தான் இருந்தாள். கரீம் பித்தளை, செம்புப் பாத்திரம் விற்பார். கல்யாண பிரியாணி அண்டாக்களுக்கு ஈயமும் பூசிக்கொடுப்பார். மகளின் பல்கலைக்கழகத்திலிருந்து பெரிய மனிதர்கள் வந்திருக்கிறார்கள் என்றதும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"வாங்க, வாங்க. உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா? சபுரா நல்லாப் படிக்குதுங்களா?"

"படிப்புக்கு ஒரு கொறையும் இல்லீங்க பாய்" என்றார் மயில்சாமி. "கடையைச் சித்த சுத்திப் பாக்கலாமுங்களா?"

பார்த்தார்கள். ஈயம் பூச வந்திருந்த ஓர் அண்டாவைக் கவிழ்த்ததும் நிதி அலுவலர் "சார்!" என்று கூவினார். அண்டாவின் அடியில் விரற்கடை கனத்துக்குக் கறுப்பாகப் படிந்திருந்தது.

"அது அடுப்புக்கரிங்க" என்றார் கரீம்.

"விறகடுப்புல வெச்ச அண்டா சார். எந்த ஊட்டு அண்டாவைத் திருப்பினாலும் இப்படித்தான் இருக்கும்" என்றாள் சபுரா.

"இருக்கலாமுங்க அம்மணி. நாங்க இல்லைன்னு சொல்லலீங்க. ஆனா கறுப்பா இருக்குது பாருங்க" என்றார் மயில்சாமி. கரியைச் சுரண்டி ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டார்கள். போகும்போது மூன்று பேரும் கரீமைக் கும்பிட்டு, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கடமை என்று சொன்னார்கள். கரீம் அவர்கள் போன பிறகும் ரொம்ப நேரம் நின்றுகொண்டே இருந்தார். திருட்டுச் சாமான் இருக்கிறதா என்று அவர் கடையில் ஒருத்தர் கைவைத்துப் பார்த்தது அதுவரை நடக்காத காரியம். மகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் சபுராவை அதிகம் வதைத்தது.

கொஞ்சம் சரக்கு பிடிபட்டுவிட்ட சேதி துணைவேந்தர் அப்புசாமிக்குப் போயிற்று. அவர் வேறு விதமாக யோசித்தார். பல்கலைக்கழகத்தில் ஏதோ ஒன்று உற்பத்தியாகியிருக்கிறது. அதை ஏன் ஒளிக்க வேண்டும்? ஆயுத பூஜைக்கு முதல் நாள் விழாவுக்கு அமைச்சர் ஒருவர் வருகிறார். அவர் கையாலேயே வெளியிட்டால் என்ன? சபுரா அவர் அறைக்கு ஓடினாள். விழா அன்று சாயந்திரம்தான் அவளுக்குப் பம்பாய் ரயில்.

"சார், அதைத் திறக்கவே கூடாதுங்க சார். எட்டு கிராம் இல்லைன்னா நியூட்ரான்ல ஒண்ணும் தெரியாதுங்க."

"தெறக்க மாட்டாங்க கண்ணு. தட்டுல வெச்சு அமைச்சர்கிட்டக் காட்டறோம். அவர் தொட்டுக் குடுப்பாரு. நீ நேரா ரயிலேறிக்க. அனுமதியும் மேடையிலயே கையெழுத்தாயிரும். போதுமா?"

போதும் என்றுதான் அவள் நினைத்தாள். பாவம், அனுமதி என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை.

விழா நாளில் மேடைக்குப் பின்னால் தெய்வாத்தாள் வெள்ளித் தட்டு ஒன்றைத் தயார் செய்தார். சந்தனம், குங்குமம், கற்கண்டு. குப்பியை அப்படியே வைத்தால் மருந்துக்கடை மாதிரி இருக்கிறது என்று, பொடியை ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் கொட்டிச் சந்தனத்துக்குப் பக்கத்தில் அழகாக வைத்தார். சபுராவை மேடைக்கு முன்னால் மூன்றாவது வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

துணைவேந்தர் எழுந்து பேசினார்.

"நம்ம பல்கலைக்கழகம் ஆரம்பிச்ச நாள்ல இருந்து இதுவரைக்கும் இங்க ஒண்ணுமே கண்டுபிடிச்சதில்லைன்னு நான் பெருமையோட சொல்லிக்கறனுங்க. கண்டுபிடிச்சாத்தானுங்க பிரச்சினை? அது சரியா தப்பான்னு கேப்பாங்க. நாங்க அந்தச் சோலிக்கே போறதில்லீங்க. சாமான் வாங்கறோம், பூஜை போடறோம், துணி போட்டு மூடி வெக்கறோம். இருபத்தஞ்சு வருசமா ஒரு மிசினுகூடத் தேயலீங்க. அப்படிப்பட்ட எடத்துல இந்தப் பொண்ணு யாரையும் கேக்காம இதைச் செஞ்சுபோட்டுது. மொதல்ல எங்களுக்கு அதிர்ச்சிங்க. இருந்தாலும் பெரிய மனசோட மன்னிச்சு, எங்க சாதனையா ஏத்துக்கிட்டோமுங்க."

கைதட்டல் அடங்கியதும் அமைச்சர் பேசினார். "இந்தப் பொடிக்குள்ள ஆக்சிஜன் எங்க இருக்குதுன்னே தெரியலைன்னு துணைவேந்தர் வருத்தப்பட்டாருங்க. கவலையே வேண்டாமுங்க. அது எங்க பதுங்கியிருந்தாலும் நம்ம அரசு கண்டுபிடிச்சு, வீடு வீடாக் கொண்டு போய்ச் சேக்குமுங்க."

தட்டு வந்தது. அமைச்சர் சந்தனத்தைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார், கறுப்புப் பொடியைப் பார்த்தார். "எந்தக் கோயில் மையிங்க இது?" என்று கேட்டார். துணைவேந்தருக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அமைச்சரிடம் இல்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. "நம்முளுதுதானுங்க" என்றார். அமைச்சர் சந்தனத்தில் விரலைத் தோய்த்து, அந்த விரலைக் கிண்ணத்தில் விட்டு எடுத்து, நெற்றியில் பட்டையாக ஓர் இழுப்பு இழுத்தார்.

சபுரா "ஐயோ!" என்று எழுந்தாள். பக்கத்திலிருந்தவர்கள் பக்திப் பரவசம் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

அமைச்சர் பூசியதைப் பூசாமல் நிற்க யாருக்குத் துணிச்சல் இருக்கும்? துணைவேந்தர் பூசினார். பதிவாளர் பூசினார். நிதி அலுவலர், துறைத் தலைவர்கள், அமைச்சரின் உதவியாளர், காவல்காரர் எல்லாரும் பூசினார்கள். வழிகாட்டிப் பேராசிரியரும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டு வைத்துக்கொண்டார். முண்டியடித்து மேடை ஏறி அவள் கிண்ணத்தைப் பிடுங்கியபோது அடியில் மூன்று கிராம் கிடந்தது.

அதன் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே வாய் கூசுகிறது. சபுரா ஒரு வெள்ளைத் தாளையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு நெற்றி நெற்றியாகப் போனாள். "சார், சித்த குனிங்க சார். கண்ணை மூடிக்குங்க." பெரிய பெரிய அதிகாரிகள் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். மரியாதை தெரிந்த ஊர் ஆயிற்றே, ஒருவர்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் கண்ணீர் தாளில் விழாமல் முகத்தைத் திருப்பித் திருப்பிச் சுரண்டினாள். வேர்வையும் சந்தனமும் குங்குமமும் கலந்து ஒரு கிராம் தேறியது. அமைச்சர் நெற்றியிலும் ஒரு கிராம் இருந்திருக்கும். அது அதற்குள் ஊட்டி ரோட்டில் போய்க்கொண்டிருந்தது.

வாயில் அனுமதி மட்டும் சொன்னபடி கையெழுத்தாகியிருந்தது. ஆனால் அதில் பதினொரு கிராம் என்று இருந்தது. தெய்வாத்தாள் எடை போட்டுப் பார்த்துப் பதறிப்போனார்.

"எடை கொறைஞ்சா வாசல்ல விட மாட்டாங்களே அம்மணி! ரயிலுக்கு வேற நேரமாச்சு. இருங்க, நான் ஒரு வழி பண்றனுங்க."

சபுரா என்ன ஏது என்று கேட்பதற்குள் அவர் அலமாரியிலிருந்து கரீம் கடை அண்டாக் கரி டப்பாவை எடுத்துக் குப்பியில் கொட்டி, பதினொரு கிராமுக்கு நிறைத்து, ஒரு குலுக்குக் குலுக்கி, மூடி போட்டு அவள் கையில் திணித்துவிட்டார். "எல்லாம் ஒரே கறுப்புதானுங்களே. நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்று தலையைத் தடவிக்கொடுத்தார். சபுராவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அந்தப் பெண்மணியின் முகத்தில் இருந்த பிரியத்தைப் பார்த்ததும் கத்தவும் முடியவில்லை. வாயிலில் எடை சரியாக இருந்தது.

பம்பாயில் கர்மார்க்கர் என்கிற விஞ்ஞானி அவளுக்கு உதவினார். குப்பியைத் திறந்து பார்த்தவர் சந்தன வாசனை ஏன் வருகிறது என்று கேட்டார். சபுரா நடந்ததைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. கரியையும் சந்தனத்தையும் சுட்டு விரட்டிப் பார்த்தார். மிஞ்சின நாலு கிராமில் குங்குமச் சுண்ணாம்பும் சாம்பலும் இருந்தன. நான்கு நாளும் நியூட்ரான் பாய்ந்தது. வரைபடத்தில் கூரான முகடுகள் வரவேண்டிய இடத்தில் குப்பைமேடு ஒன்று வந்தது. ஆக்சிஜன் எங்கே என்று கடவுளுக்குத்தான் தெரியும். சபுரா அந்தக் காகிதத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. செத்துப்போனால் என்ன என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். அதை யாரிடமும் பிற்பாடு சொன்னதில்லை.

புதிதாகச் செய்ய முடியுமா என்று கர்மார்க்கர் கேட்டார். உலைக்கு முத்திரை வைத்திருக்கிறார்கள் என்றாள். எங்கள் மின் உலையில் செய், பிப்ரவரியில் ஒரு குழு வரவில்லை, அந்த நாட்களை உனக்குத் தருகிறேன் என்றார். தாராவியில் சபுராவின் பெரியம்மா வீடு இருந்தது. அங்கே தங்கிக்கொண்டு, பதிவை மூன்று மாதம் நீட்டிக்கும்படி பல்கலைக்கழகத்துக்குத் தந்தி கொடுத்தாள். பதில் வந்தது, மிகவும் மரியாதையாக. மீதிச் சரக்கை ஒப்படைத்தால் கோரிக்கை கனிவோடு பரிசீலிக்கப்படும் என்று இருந்தது.

அவள் வைராக்கியமாக அரைத்தாள், சுட்டாள், மறுபடி அரைத்தாள். டிசம்பர் வந்து போயிற்று. பிப்ரவரியில் பதினைந்து கிராம் சுத்தமான பொடியை அணு உலையின் கதிர்ப் பாதையில் வைத்தார்கள். இரண்டாம் நாள் காலையில் வரைபடத்தில் முகடுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து நின்றன. கணக்குப் போட்டதும் ஆறு ஆக்சிஜனும் அதனதன் இடத்துக்கு வந்தன. எந்தப் பக்கம், எவ்வளவு சாய்வு, எல்லாம் தெரிந்தது. உலகத்தில் அதுவரைக்கும் யாருக்கும் தெரியாத ஒன்று அந்தக் காலையில் கோட்டைமேட்டு சபுராவுக்கும் கர்மார்க்கருக்கும் மட்டும் தெரிந்திருந்தது. அவள் சந்தோஷத்தில் அங்கேயே அழுதாள்.

மார்ச்சில் கோயமுத்தூர் திரும்பியதும் நேராகப் பதிவாளர் அறைக்குப் போனாள். ஒரு கையில் வரைபடம், ஒரு கையில் பொடிக் குப்பி. சரக்கை ஒப்படைத்தால் பரிசீலிப்போம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்களே. இதைக் கொடுத்தாவது பட்டத்தை வாங்கிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள்.

குப்பியைக் கண்டதும் மயில்சாமியின் முகம் மலர்ந்தது. எழுந்து நின்றேவிட்டார்.

"பாத்தீங்களா! நான் அப்பவே சொன்னனுங்க, சரக்கு வெளியூர்லதான் எறங்கியிருக்குதுன்னு. யாரும் நம்பலீங்க. எங்கீங்க இருந்துது?"

"பம்பாய்ல புதுசாச் செஞ்சதுங்க சார்."

"அப்படியே இருக்கட்டுமுங்க. இனி எதுக்கு அந்தப் பேச்செல்லாம்? நாணயமாக் கொண்டாந்து குடுத்துட்டீங்க. உங்க மேல இருந்த விசாரணையை இன்னைக்கே முடிச்சுபோடறனுங்க. உங்கொப்பாகிட்டச் சொல்லுங்க, நிம்மதியா இருக்கட்டும்."

தெய்வாத்தாளைக் கூப்பிட்டுக் குப்பியைக் கொடுத்தார். அந்த அம்மாள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போய்ப் பூட்டினார்.

"அப்ப என்ற பதிவை நீட்டிச்சுக் குடுப்பீங்களா சார்?" என்று கேட்டாள் சபுரா.

"பரிசீலிச்சேனுங்க அம்மணி. கனிவோடதான் பரிசீலிச்சேன். ஆனா நீட்டோணும்னா பதிவு உசுரோட இருக்கோணுமுங்களே. அது டிசம்பர்லயே முடிஞ்சுபோச்சுங்க. இல்லாததை எப்படிங்க நீட்டறது?"

சபுரா வரைபடத்தை அவர் மேசைமேல் விரித்தாள். "சார், இதைப் பாருங்க சார். ஆக்சிஜன் எங்க இருக்குன்னு தெரிஞ்சுபோச்சுங்க. ஏழு வருஷமாத் தேடினது இதைத்தாங்க சார். அந்தக் குப்பியில இருக்கறது வெறும் பொடி. இதுதாங்க சார் எல்லாம்."

மயில்சாமி வரைபடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு கசங்காமல் சுருட்டி, ரப்பர் பேண்டு ஒன்று தேடிப் போட்டு, அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இதை நீங்களே வெச்சுக்குங்க அம்மணி. காயிதம் எங்ககிட்ட நெறைய இருக்குதுங்க."

அடுத்த வாரம் முழுக்க சபுரா கடையில் உட்கார்ந்து, கண்டுபிடித்ததைக் கட்டுரையாக எழுதினாள். வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். எல்லாம் எழுதி முடித்துவிட்டாள், ஓரிடத்தில் பேனா நின்றுவிட்டது. கர்மார்க்கர் பெயருக்குக் கீழே அவருடைய நிறுவனம் இருந்தது. அவள் பெயருக்குக் கீழே போட ஒன்றும் இல்லை.

"என்னம்மா, எழுதாம உக்காந்திருக்கே?" என்றார் கரீம்.

"நான் எந்த எடத்துல இருந்து இந்த வேலையைச் செஞ்சேன்னு போடணுமாம் அத்தா."

"பேருக்கு முன்னால டாக்டர்னு போடுவாங்களா?"

"இல்லீங்கத்தா. அது இனிமே இல்லை."

கரீம் ஒரு குடத்தைத் துணியால் துடைத்து அதன் இடத்தில் வைத்துவிட்டு வந்தார்.

"ஏழு வருசமா உன்ற படிப்புக்குச் சோறு போட்டது இந்தக் கடைதானே கண்ணு. இதைப் போடு. வேற என்ன யோசனை?"

சபுரா அழுதுகொண்டே எழுதினாள்: கரீம் பாத்திரக் கடை, கோட்டைமேடு, கோயமுத்தூர்.